செவ்வாய்க்கிழமை வராத பள்ளிக்கூடம்

ஆறு வருடமாக அந்த அரசுப் பள்ளியின் காம்பவுண்டுக்குள் திங்கட்கிழமைதான் நடந்துகொண்டிருக்கிறது. கேட்டுக்கு வெளியே மற்ற கிழமைகள் வழக்கம்போல வந்து போகின்றன. எதிர்க்கடையில் ஜெராக்ஸ் விலைகூட இரண்டு முறை ஏறிவிட்டது. உள்ளே காலடி வைத்தால் திங்கள். அதுவும் பொதுத் திறனறித் தேர்வுக்கு முந்தைய அதே திங்கள். பிள்ளைகள் மாலையில் புதனுக்கோ வியாழனுக்கோ வீட்டுக்குப் போய், சாப்பிட்டுத் தூங்கி, மறுநாள் காலை திங்கட்கிழமைக்குத் திரும்பி வருகிறார்கள். வயது மட்டும் எல்லோருக்கும் ஒழுங்காக ஏறுகிறது.

காரணம் மணியக்கா. கேட் திறப்பது, பெஞ்சு துடைப்பது, மணி அடிப்பது, ஆபீஸ் ரூம் காலண்டரில் தேதி கிழிப்பது எல்லாம் அவர் வேலை. அவருடைய மகள் அங்கேயே ஐந்தாம் வகுப்பு. அந்தப் பெண் மக்கு இல்லை. எதையும் அரைகுறையாக விடத் தெரியாதவள், அவ்வளவுதான். மாதிரித் தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு அறுபது கேள்வி. நான்காவது கேள்வியில் ஒரு தொட்டி: மேலே குழாய் கொட்டுகிறது, அடியில் ஓட்டை ஒழுகுகிறது, எப்போது நிரம்பும்? ஓட்டையை அடைக்காமல் எதற்குத் தண்ணீர் விடுகிறார்கள் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிட்டது. மூன்று மதிப்பெண். எழுதிய மூன்றும் சரி என்பதெல்லாம் விடைத்தாள் திருத்தும் இயந்திரத்துக்குத் தேவையில்லாத சங்கதி.

பள்ளியின் சராசரி நாற்பதுக்குக் கீழே போனால் பள்ளியை மூடி, பிள்ளைகளை எட்டு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு இணைத்துவிடுவது என்று அரசு முடிவு செய்திருந்தது. இங்கே சராசரி முப்பத்தொன்பதில் தொங்கியது. கூரை ஒழுகுகிறது, ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் என்று தலைமையாசிரியை எழுதிய கடிதங்களுக்கு ஒரு பதிலும் இல்லை. சராசரியை மட்டும் மேலிடம் வாராவாரம் கேட்டது. ஆகவே அந்தத் திங்கள் மாலை வகுப்பு டீச்சர் மணியக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் பெண்ணுக்கு லீவு போட்டுவிடச் சொன்னார். அவள் வராவிட்டால் சராசரி நாற்பதைத் தொட்டுவிடும். டீச்சர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“என் பொண்ணு வரக்கூடாத நாளு, இந்த ஸ்கூலுக்கும் வர வேண்டாம் டீச்சர்,” என்றார் மணியக்கா.

மறுநாள் காலை கேட்டைத் திறந்தார், மகளை உள்ளே விட்டார், மணி அடித்தார். தேதியைக் கிழிக்கவில்லை. தலைமையாசிரியை சத்தம் போட்டுவிட்டுத் தானே கிழித்தார், அடியிலும் திங்கள். பன்னிரண்டு தாள் கிழித்துப் பார்த்தார், பன்னிரண்டும் திங்கள். வேர்த்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து மணிக்குக் கல்வி அதிகாரி கேள்வித்தாள் கட்டோடு ஜீப்பில் வந்து இறங்கினார். கேட்டைத் தாண்டியதும் அவருடைய செல்போன் திங்கள் என்றது. கக்கத்தில் இருந்த பேப்பர் நேற்றைய பேப்பர் ஆகிவிட்டது. கட்டின் மேல், செவ்வாய் காலை பத்து மணிக்கு முன் பிரிப்பவர் பணிநீக்கம் செய்யப்படுவார் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்த வாசகத்தை எழுதியவரே அவர்தான். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் எழுதவைக்கலாம் என்றால், தேர்வு அந்தந்தப் பள்ளி வளாகத்துக்குள்தான் நடக்க வேண்டும் என்று அடுத்த வரியையும் எழுதி வைத்திருந்தார். தேதியை மாற்றித் தரும்படி மேலே கேட்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தாள், ஒரே நாள், ஒரே நிமிடம், அதுதான் திட்டத்தின் உயிர்நாடி என்று பதில் வந்தது. கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

நாளை வரப்போவதில்லை என்பது உறைத்தபோது டீச்சருக்குப் பயம் விட்டுப்போனது. முதல் வேலையாக மணியக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு மாதிரித் தாள்களை மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போய், அதில் நிஜமாகவே ஓட்டை போட்டு, ஐந்து திங்கள் தொடர்ந்து அளந்து பார்த்தார். திங்கட்கிழமையில் விளையாட்டு பீரியட் இல்லை என்று மூன்றாம் வகுப்பு போர்க்கொடி தூக்கியதில் அட்டவணையைத் திருத்தினார்கள். சேர்க்கைக்குக் கடைசி நாள் அந்த வார வெள்ளி என்று அறிவித்திருந்ததால் சேர்க்கை முடியவே இல்லை. வேறு பள்ளிகளில் லீவு போடச் சொல்லப்பட்ட பிள்ளைகளெல்லாம் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். மணியக்காவின் மகள் தன் வேகத்திலேயே எல்லாவற்றையும் படித்து முடித்து, திங்கள் தேதி போட்ட டி.சி.யோடு உயர்நிலைப் பள்ளிக்குப் போனாள். அங்கேயும் நிதானம்தான்.

போன மாதம் அதிகாரி மறுபடியும் வந்தார். தலை நரைத்திருந்தது. தேர்வே எழுதாத பள்ளிக்குச் சராசரி பூஜ்யம் என்று மேலிடம் ஒருவழியாகத் தீர்மானித்து, மூடும் ஆணையை அவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தது. தலைமையாசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த மணியக்கா நிமிர்ந்தார்.

“மூடுறது என்னிக்கிலேருந்து சார்?”

அதிகாரி ஆணையைப் பிரித்துத் தேதியைப் பார்த்தார். “வர்ற புதன்கிழமையிலேருந்துமா.”

“சரி சார். புதன்கிழமை வரட்டும். நானே பூட்டிச் சாவியக் குடுத்துடுறேன்.”

அதிகாரி ஆணையை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார், பதிவேட்டில் திங்கட்கிழமை என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டார், கேட்டைத் தாண்டி வெள்ளிக்கிழமைக்குள் இறங்கி ஜீப்பில் ஏறிக்கொண்டார். அடுத்த பீரியட் கணக்கு. பிள்ளைகள் நோட்டை எடுத்தார்கள்.