சுழலாத தட்டு

மைக்ரோவேவிலிருந்து அண்ணி எடுத்து வைத்த கிண்ணத்தின் ஓரத்தில் ஆவி பறந்தது. தந்தையைப் பார்த்துக்கொள்ள அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த அவள், கரண்டியின் காம்பைக் குவியலின் நடுவே குத்தி இழுத்து மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். உருளைக்கிழங்கு மசியலின் வயிறு, குளிர்பெட்டியை விட்டு வெளியே வந்ததையே அறியாததுபோல் சில்லென்றிருந்தது.

"தொட்டுப் பாருங்க அண்ணி. ஓரம் எரியுது, நடு ஐஸு."

"இன்னொரு நிமிஷம் வெச்சா தீந்துச்சு. இதுக்குப் போய் ஊரைக் கூட்டாத."

"கூட்டத்தான் போறேன். அண்ணன் வரட்டும்."

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய தந்தையின் உடலில் கிருமியை எதிர்க்கும் வலு இல்லை. ஆறிய உணவு அகமும் புறமும் ஒருசேரக் கொதித்தாலன்றி அவருக்குத் தரலாகாது என்பது மருத்துவர் கட்டளை. பத்து நாள் முன்பு வயிற்றைக் கிருமி தாக்கி நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தார். அண்ணி சூடாக்கிய லட்சணம் என்று அண்ணனிடம் சொன்னவள் இவளே. தந்தை இனி எவர் வீட்டில் இருப்பது என்பதை அண்ணன் இன்று மதியம் சொல்வதாக இருந்தான். அவரைத் தன்னோடு அழைத்துச் செல்ல அவள் துணிமணிகளைக்கூட எடுத்து வைத்தாயிற்று.

மசியலை அகன்ற தட்டுக்கு மாற்றி, நடுவைக் காலியாக விட்டு வளையமாகப் பரப்பினாள்.

"என்ன, கிணறு வெட்டுறியா? தண்ணி வந்தா சொல்லு."

"இதுல ஓரந்தான் முதல்ல சூடேறும். நடுவுல குவிச்சா குவிச்சபடியேதான் கெடக்கும். இத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியலை."

நீர் தெளித்து, ஆவி போகச் சிறிது இடம் விட்டு மூடி, சூட்டின் அளவைப் பாதியாகக் குறைத்தாள். இடையில் நிறுத்தி, வெளிப்புறம் உள்ளுக்கும் உட்புறம் வெளிக்குமாகக் கிளறி மீண்டும் வைத்தாள். மணி ஒலித்த பின்னும் எடுக்கவில்லை.

"எடேன். மாமா பசியோட உக்காந்திருக்கார்."

"ரெண்டு நிமிஷம் அப்படியே இருக்கணும். அப்பத்தான் சூடு உள்ள வரைக்கும் பரவும்."

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "எல்லாம் தெரிஞ்சவளே, ஒண்ணு சொல்லு. மாமாவுக்கு முடியாமப் போன அன்னைக்கு உன் பெரிய பாத்திரம் சுத்தலைன்னு உள்ள இருந்த கண்ணாடித் தட்டைக் கழட்டினியே, திருப்பி மாட்டினியா?"

சதுரப் பாத்திரத்தின் மூலை இடித்ததும், அவசரத்தில் தட்டைக் கழற்றிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் சாய்த்ததும், அசையாது நின்ற பாத்திரத்தில் ஒரு மூலை மட்டும் கொதித்ததும், அதையே தந்தைக்கு ஊட்டியதும் மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே அவளுக்கு நினைவு வந்துவிட்டன. அதற்குள் பழி அவள் வாயைவிட்டுப் போயிருந்தது. அதைத் திரும்ப அழைக்க அவள் முயலவில்லை.

"சாயங்காலம் நாந்தான் தேடி எடுத்து மாட்டினேன்."

"அப்பவே அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

"எதுக்கு? அன்னைக்கே நாலு சொட்டு கண்ணீர் விட்டு நல்ல பேர் வாங்கிட்டுப் போயிருப்ப. வாய் கிழியப் பேசி முடிக்கட்டும், உங்கண்ணன் முடிவு சொல்ற அன்னைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன்."

வாசற்கதவு திறந்தது. "அப்பாவுக்குச் சாப்பாடு ஆச்சா? இன்னிக்கு யாரு ஊட்டறீங்க?" என்றது அண்ணனின் குரல்.

அண்ணி மைக்ரோவேவின் கதவைத் திறந்து கை நீட்டினாள். அவளும் நீட்டினாள். மூடி சரிய, ஆவி இருவர் முகத்திலும் ஒருங்கே அடித்தது. தட்டில் இப்போது சூடில்லாத இடமே இல்லை. எதிரெதிர் விளிம்புகளைப் பற்றியிருந்த விரல்கள் சிவந்தன. காலடியோசை சமையலறையை நெருங்கியது. நான்கு கைகளில் ஒன்றும் தளரவில்லை.