அம்மாவுக்கு மட்டும் தெரிந்த பதில்

அந்தச் சலவைக்கூடத்தில் சட்டைப்பை சோதிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று எங்கிருந்து மூட்டை வந்தாலும் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் போடுவாள். பேனா, சாவி, ஒருமுறை யாரோ ஒருவரின் பல்செட்டைக்கூட எடுத்திருக்கிறாள். அப்பேர்ப்பட்டவள் அன்று சாயங்காலம் தன்னுடைய மேலங்கியைக் கழற்றி, பையிலிருந்த செல்போனோடு தன் கையாலேயே மெஷினுக்குள் போட்டாள். தொண்ணூறு டிகிரி வெந்நீர். இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது?

போன் போனால் போகட்டும். அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டியவள் வரவில்லை, ஏழு மணி வரை நீயே பார்த்துக்கொள் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வயது மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள். அப்பன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறான். அடுக்குமாடியில் அக்கம்பக்கத்துக்காரர் ஒருவரின் நம்பர்கூட இவளிடம் கிடையாது. ஐந்தரைக்கு அம்மா வராவிட்டால் பிள்ளை பயந்தே செத்துப்போகும்.

பக்கத்து மெஷின்காரியின் போனை வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த மகளின் நம்பருக்கு மூன்று தடவை அடித்தாள். எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? தெரியாத நம்பரை எடுக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னது யார்? பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூட்டி, இணையத்தில் பிள்ளைகளை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று ஒரு போலீஸ்காரம்மா விளக்கிய நாளிலிருந்து இவளுக்குத் தூக்கம் போயிற்று. பெற்ற தாயின் குரலில்கூடக் கம்ப்யூட்டர் பேசுமாம். அன்றே வீட்டில் சட்டம் போட்டாள். அம்மா என்று சொல்லிக்கொண்டு யார் எழுதினாலும் அம்மாவுக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி ஒன்று கேட்க வேண்டும், பதில் தப்பானால் உடனே பிளாக் செய்துவிட வேண்டும். போதாததற்குத் தினமும் மகளின் போனை வாங்கி அலசுவாள். அதில் யாரும் எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள். அப்பாடா, ஒரு வம்பும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

இப்போது அதே இரவல் போனிலிருந்து இவளே எழுதினாள். அம்மாதான், போன் கெட்டுப்போச்சு, வர ஏழரை ஆகும், பயப்படாதே என்று.

கேள்வி வந்தது. "ஸ்கூல்ல மத்தியானம் நான் யார்கூட உக்காந்து சாப்பிடுறேன்?"

ப்பூ, இவ்வளவுதானா? "குண்டூசி" என்று அடித்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து மகளோடு ஒட்டிக்கொண்டு திரிகிற தோழி. ஒல்லிப்பிச்சான் என்பதால் அந்தப் பட்டப்பெயரை வைத்ததே இவள்தான்.

பதில் வந்தது. "எங்கம்மாவுக்கு இது தெரியும். நான் சொல்லியிருக்கேன். நீங்க அம்மா இல்ல."

அதற்குப் பிறகு எழுதியது எதுவும் போய்ச் சேரவில்லை. உன் பொண்ணு பலே கெட்டிக்காரி என்று பக்கத்து மெஷின்காரி சிரித்தாள். இவள் ஏழு மணி வரை இஸ்திரி மெஷினில் படுக்கை விரிப்புகளை விட்டுக்கொண்டே மண்டையை உடைத்துக்கொண்டாள். குண்டூசியை விட்டால் வேறு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. பெற்றவளுக்கு இதைவிடக் கேவலம் உண்டா?

கதவைத் திறந்த மகளின் முகம் அழுது வீங்கியிருந்தது. ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே, எவனோ ஒருத்தன் அம்மா பேரில் வந்ததையும், குண்டூசி என்று உளறி மாட்டிக்கொண்டதையும் மூச்சுவிடாமல் சொன்னாள். சபாஷ் என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி இவள் தப்பித்திருக்கலாம். சபாஷ் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அது நான்தாண்டி" என்றாள்.

மகள் மெதுவாகக் கைகளை எடுத்துக்கொண்டாள்.

"யார்கூடடி சாப்பிடுற?"

"யார்கூடயும் இல்ல. குண்டூசி பேசறத நிறுத்தி மூணு மாசமாச்சு. தனியாத்தான் சாப்பிடுறேன். அன்னிக்கே சொன்னேனே, நீ 'ம்'னு சொன்ன."

திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பாள். மகள் கோபப்படவே இல்லை. பெரிய மனுஷி மாதிரி அவளே ஒரு வழி சொன்னாள்.

"சரிம்மா, என்னைப் பத்தி உனக்கு நல்லாத் தெரிஞ்சது ஏதாவது ஒண்ணு சொல்லு. இனிமே அதையே கேக்கறேன்."