மாஸ்டர் காலை மடக்கிய நாள்

ஜனவரி முதல் வாரத்தில் அந்த டிரைவிங் ஸ்கூல் நிரம்பி வழியும். இருபதாம் தேதிக்குள் பாதிப் பேர் காணாமல் போவார்கள். காணாமலும் போகாமல், தேர்விலும் தேறாமல், நான்காவது வருடமாக வந்து நின்றவள் இவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் பிரிவில் வேலை. கைக்குழந்தையின் நரம்பைக்கூட ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். தேர்வு நாளில் மேட்டில் காரை நிறுத்திக் கிளப்பச் சொன்னால் மட்டும் வண்டி அணைந்துவிடும். மூன்று தேர்விலும் கோட்டை விட்டது அந்த இடத்தில்தான்.

"வருஷம் பொறந்தா ஊரே டயட் இருக்கும், உங்கம்மா கார் ஓட்டுவா. ரெண்டும் மாசக் கடைசி தாங்காது" என்று மகளிடம் சொல்லிச் சிரிப்பார் கணவர்.

இந்த வருடம் அவர் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக விடியற்காலை ஐந்தரைக்கு அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுவிட்டவர் அவர்தான். அக்டோபரில் பார்வை மங்கிப்போய், இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. கூட வேலை செய்கிறவள் ஒருத்தியின் தயவில் மூன்று மாதம் ஓடியது. அவளுக்கும் மாற்றல் வந்துவிட்டது.

"வர முடியலேன்னா பகல்ல ரிசப்ஷனுக்குப் போயிடுங்க" என்றார் மேலாளர். பெயர் எழுதி டோக்கன் கொடுக்கும் வேலை. ஊசி பிடிக்காத வேலை அவளுக்கு வேலையாகவே படவில்லை.

பயிற்சிக் காரில் மாஸ்டரின் பக்கத்திலும் கிளச்சும் பிரேக்கும் உண்டு. அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், தங்கமான மனுஷர், யாரையும் கடிந்து பேசமாட்டார். இரண்டாம் தேதி காலை, மேட்டில் வண்டி நோகாமல் நின்று நோகாமல் கிளம்பியது. பயிற்சியில் எப்போதும் இப்படித்தான், தேர்வில் மட்டும் ஏன் அணைகிறது என்று இன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தாள்.

"மாஸ்டர், இப்ப வண்டியை எடுத்தது யாரு?"

"நீங்கதான்க்கா."

"அப்ப உங்க கால் அங்க என்ன பண்ணுது?"

"பழக்கதோஷம். லேசா ஒரு ஒத்தாசை."

"நாலு வருஷமா லேசாவா?"

பயப்படுகிறவர்களுக்கு அவர் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் தேர்வு நாளில் பக்கத்தில் உட்காரும் அதிகாரி கால் கொடுக்கமாட்டாரே.

"காலை மேல தூக்கிச் சம்மணம் போட்டு உட்காருங்க" என்றாள்.

"சீட்லயா? தியானம் பண்றேன்னு நினைப்பாங்க."

"பண்ணுங்க. நமக்கு அதுவும் தேவைதான்."

"கைப்பிரேக்கையாவது பிடிச்சுக்கறேன்க்கா, எனக்கு ரெண்டு பிள்ளைங்க."

முதல் தடவை அணைந்தது. அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவதில் வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. மாஸ்டர் கைப்பிரேக்கை இழுத்தார், ஆனால் காலை இறக்கவில்லை. பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை விடாமல் அழுத்தினார். ஊசியைப் பார்த்து அலறுகிறவர்களைப் பார்ப்பதுபோல் கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டு, அவள் கிளச்சை ஒரு நூல் விட்டாள். காலுக்கடியில் வண்டி நடுங்கியது. இந்த நடுக்கம் அவளுக்குப் புதிது. இத்தனை நாளும் இதை மாஸ்டரின் கால் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. காலை அங்கேயே நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தாள். மாஸ்டர் கைப்பிரேக்கை விட்டார். வண்டி ஏறியது.

ஒன்பதாம் தேதி தேர்விலும் மேட்டில் ஒரு முறை அணைந்தது. மறுபடி கிளப்பினாள். அதிகாரி தேர்ச்சி என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

லைசென்ஸ் வந்த மறுநாள் விடியற்காலை, கணவர் வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார், பக்கத்து சீட்டில். அவள் வண்டியைக் கிளப்பினாள். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திச் சாவியை எடுத்தபோதுதான் இருவருக்கும் உறைத்தது.

"நீங்க எப்படித் திரும்பிப் போவீங்க?"

"அதை யோசிக்கலையே" என்றார்.

"ஏழு மணிக்குத்தான் முதல் பஸ். அதுவரைக்கும் உள்ள வந்து உட்காருங்க."

இத்தனை வருடத்தில் அவர் அந்த வாசலைத் தாண்டியதில்லை. அவளுடைய அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஒரு பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே வந்து, "முதல் ஆள் நீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, நீங்க போங்க. நான் அவங்களோட வந்தேன்."