கேப்டன் லாங்ஃபோர்டுக்குத் தமிழ்க் குரல்

புவனேசனின் குரலைத் தெரியாதவர்கள் பாடாங் செராய் வட்டாரத்தில் குறைவு. திருவிழா என்றால் கோயில் அறிவிப்பு, கல்யாணம் என்றால் மண்டப அறிவிப்பு, தமிழ்ப்பள்ளியில் ஓட்டப்பந்தயம் என்றால் மூச்சு விடாத வர்ணனை. பிழைப்புக்குக் கையுறைத் தொழிற்சாலையில் டெக்னிஷியன் வேலை. இருபது வருஷமாக இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, நாற்பத்து நான்கு வயதில் அவன் தொண்டை நன்றாக உரமேறிக் கிடந்தது. பாக்கார் ஆராங்கில் டயர் கடைக்கு மேல்மாடியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் வனேசா, ஒரு கல்யாணத்தில் அவன் குரலைக் கேட்டுவிட்டு, ஒரு ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் குரல் கொடுக்க முடியுமா என்று கேட்டபோது, அவன் யோசிக்கவே இல்லை.

"யாருக்குக் குரல்?"

"ஹீரோவுக்கு அண்ணே."

"பின்ன, என்னத்த கேட்டுக்கிட்டு. வர்றேன்."

அது அறுபது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைத் தொடர். ஓர் இணைய அலைவரிசை அதை வாங்கித் தமிழில் போட வனேசாவிடம் கொடுத்திருந்தது. கதாநாயகன் கேப்டன் லாங்ஃபோர்ட், கொலை வழக்குகளைத் துப்பறியும் போலீஸ் அதிகாரி. ஆனால் போலீஸ் சம்பளத்தை நம்பி வாழ்கிறவர் இல்லை. அப்பா விட்டுப்போன கப்பல் கம்பெனி இருக்கிறது. குன்றின் மேல் மாளிகை, லாயம் நிறையக் குதிரை. பிணம் கிடக்கிற இடத்துக்கே வெள்ளைக் கோட்டில் பூச்செருகிக்கொண்டு வந்து இறங்குவார். அவர் ஏறிவரும் நீளமான காடியைக் கண்டதும், சுற்றி நிற்கிற கூட்டம் ஒரு கணம் பிணத்தை மறந்துவிடும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒலிப்பதிவு. மாளிகைக்காரி ஒருத்தியிடம் கேப்டன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இந்தக் கடிகாரம் நின்று எத்தனை நாளாகிறது, மேடம்?"

புவனேசன் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வனேசா காதிலிருந்த கருவியை மெல்லக் கழற்றினாள்.

"அண்ணே, குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா தேர்க் கூட்டத்துல காணாமப்போன பிள்ளையத் தேடுற மாதிரி இருக்கு. இந்த ஆளு பெரிய பணக்காரன்லா. கொஞ்சம் கொறைச்சுப் பேசுங்க."

குறைத்தான்.

"இப்ப காய்ச்சல்ல படுத்திருக்கிறவர் மாதிரி இருக்கு."

பதினேழு தடவை பேசிப் பார்த்தார்கள். கடைசியில் வனேசா உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தாள். அவனைவிடப் பத்து வயது இளையவள். ஆனால் வேலையில் யாருக்கும் சலுகை காட்டாதவள்.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் பாப்போம். சரியா அமையலன்னா கே.எல். பட்டணத்துலேர்ந்து வேற ஒருத்தர வரவழைக்கச் சொல்லிட்டாங்க. தப்பா நெனைக்காதீங்க."

"இதுல என்னம்மா தப்பு. அந்தக் குரல் என்கிட்ட இருக்கு. எந்த எடத்துல இருக்குன்னுதான் இன்னும் கண்டுபிடிக்கல" என்றான் புவனேசன். முதல் பாகத்தை ஒரு பென்டிரைவில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினான்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும், சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தான். மனைவி நவமணி பாலர் பள்ளி வேலை முடிந்து வந்து, கணவன் ஊமைப்படம் பார்ப்பதைக் கண்டாள். ஒன்றும் கேட்காமல் கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்று தடவை பார்த்தபிறகு ஒரு விஷயம் அவனுக்குப் பிடிபட்டது. கேப்டன் பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை. கேள்வி கேட்டால் பதில் வரும்வரை அவர் சும்மா இருப்பார். அவரிடம் யாராவது கேள்வி கேட்டாலும் உடனே பதில் சொல்வதில்லை. சுருட்டுச் சாம்பலைத் தட்டுவார், ஜன்னலைப் பார்ப்பார், அப்புறம்தான் வாய் திறப்பார். அதுவரைக்கும் எதிரே இருப்பவர் காத்திருப்பார். காத்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

புவனேசன் தன்னை நினைத்துப் பார்த்தான். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி முன்னால் அப்பாவோடு நின்ற நாளிலிருந்து, அரசாங்க அலுவலகக் கவுன்டர், தொழிற்சாலை மேனேஜர் அறை என்று எங்கே போனாலும், ஆள் தலையைத் திருப்பிக்கொள்வதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்றே பேசியிருக்கிறான். அவன் சத்தம் கூடியதும் அப்படித்தான், வேகம் கூடியதும் அப்படித்தான். கப்பல் கம்பெனிக்காரருக்கு அந்த அவசரம் கிடையாது. வித்தியாசம் குரலில் இல்லை, அவசரத்தில்தான் இருக்கிறது.

அன்றே பழக ஆரம்பித்தான். சாப்பிடும்போது நவமணி, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா?" என்று கேட்டாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். அப்புறம் தட்டைப் பார்த்தான்.

"ஊத்து" என்றான், மெதுவாக.

நவமணி கரண்டியை வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "கிளினிக் இன்னும் தொறந்துதான் இருக்கும். போயிட்டு வந்துருவோமா?"

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பிற்பகலில் தொழிற்சாலையில் ஒரு விபத்து நடந்தது. பின்வாசல் பக்கம், ரப்பர் பால் தொட்டியிலிருந்து உள்ளே போகிற குழாயில் ஏதோ மோதி, குழாய் வளைந்து வெடித்தது. பால் தரையெல்லாம் ஓடி, இரண்டு வரிசை இயந்திரங்கள் மாலைவரை நின்றுபோயின. புவனேசன்தான் போய்க் குழாயை மாற்றினான். மறுநாள் காலையில், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் காளிதாசன் மீது குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவன்தான் குழாயில் இடித்துவிட்டு, சொல்லாமல் போய்விட்டானாம். சுப்பவைசர் லோகேஸ்வரன் கண்ணால் பார்த்ததாக எழுதிக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை விசாரணை. நிரூபணமானால் வேலை போய்விடும்.

காளிதாசன் சாப்பாட்டு நேரத்தில் புவனேசனைத் தேடி வந்தான். அவன் ஒல்லியான, வாய் பேசத் தெரியாத ஆள். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

"நான் இடிக்கல அண்ணே. அந்நேரம் முன்பக்கம் பெட்டி எறக்கிக்கிட்டு இருந்தேன். விசாரணைக்குக் கூட ஒரு ஆள கூட்டிக்கிட்டு வரலாமாம். நீங்க வாங்கண்ணே. உங்க சத்தத்துக்கு யாரும் எதிர்ல பேச முடியாது."

புவனேசன் உடனே பதில் சொல்லவில்லை. பழக்கிக்கொண்டிருந்த பாடம் அவனை நிறுத்தியது. அந்த இடைவெளியில் ஒன்று ஞாபகம் வந்தது. குழாயை மாற்றும்போது அவன் குனியவில்லை. நிமிர்ந்து நின்றுதான் வேலை பார்த்தான்.

"உன் வண்டி எங்க நிக்குது?" என்று கேட்டான்.

இருவரும் போனார்கள். புவனேசன் இடுப்பிலிருந்த அளவு நாடாவை எடுத்து ஃபோர்க்லிஃப்டின் பின்பக்க இரும்புப் பளுவை அளந்தான். அது அவன் இடுப்புக்குக் கீழேயே முடிந்துவிட்டது. மேலே கூரைச் சட்டம் இருந்தது, ஆனால் அது நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. குழாய் நசுங்கிய இடமோ அவன் நெஞ்சு உயரத்தில். கழற்றி எறிந்த பழைய குழாய் இரும்புக் குவியலில் கிடந்தது. அதையும் எடுத்து, ஒரு துணியில் சுற்றித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. நிர்வாகத்தின் சார்பில் புவான் நோராய்னி என்ற அம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். கண்டிப்பானவர், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். பேச்சு மலாயில் நடந்தது. லோகேஸ்வரன் தான் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்தது, இடித்தது, பால் பீச்சியடித்தது, காளிதாசன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

"உங்க பக்கம் ஏதாவது கேட்கணுமா?" என்றார் புவான் நோராய்னி.

காளிதாசன் தலை குனிந்திருந்தான். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் புவனேசன் கத்தப்போகிறான் என்று எதிர்பார்த்தார்கள். லோகேஸ்வரன் அதற்குத் தயாராக நாற்காலியில் நிமிர்ந்துகூட உட்கார்ந்துவிட்டார். புவனேசனுக்கும் பழைய வேகம் தொண்டைவரை வந்தது. அதை அங்கேயே நிறுத்தினான். கைகளை மேசைமேல் வைத்தான்.

"சுப்பவைசர், நீங்க எங்க நின்னு பார்த்தீங்க?"

"ஸ்டோர் படியில."

புவனேசன் தலையை ஆட்டினான். வேறொன்றும் கேட்கவில்லை. லோகேஸ்வரனைப் பார்த்தபடி இருந்தான். குளிர்சாதனம் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. புவான் நோராய்னி பேனாவை எடுத்தார், வைத்தார். அந்த மௌனம் லோகேஸ்வரனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"படியிலேர்ந்து நல்லாத் தெரியும். முழுசாத் தெரியாது, ஆனா தெரியும். லாரி கொஞ்சம் மறைச்சிருச்சு. இருந்தாலும் ஃபோர்க்லிஃப்ட் வந்தத பார்த்தேன்."

புவனேசன் அப்போதும் அவசரப்படவில்லை.

"எந்த லாரி?" என்று கேட்டான்.

லோகேஸ்வரன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். புவான் நோராய்னி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கோப்பைப் புரட்டினார். "பின்வாசலுக்கு லாரி வரக்கூடாதே. தொட்டி இருக்கிற இடம். எல்லா லாரியும் முன்வாசலோட நிற்கணும். அன்னைக்குப் பின்பக்கம் லாரி வந்ததா?"

புவனேசன் துணியை அவிழ்த்து, நசுங்கிய குழாயை மேசைமேல் வைத்தான்.

"புவான், இது எந்த உயரத்துல நசுங்கிச்சுன்னு நேர்ல பார்த்துட்டு வந்துரலாம். அளவு நாடா கொண்டு வந்திருக்கேன்."

நான்கு பேரும் பின்வாசலுக்குப் போனார்கள். புவான் நோராய்னியே நாடாவைப் பிடித்தார். ஃபோர்க்லிஃப்டின் பளு எவ்வளவு முயன்றாலும் அந்த உயரத்தைத் தொட முடியாது என்பது ஐந்து நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அதைத் தொடக்கூடிய உயரத்தில் இருப்பது லாரியின் பின்தட்டுதான்.

லோகேஸ்வரன் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். பிறகு தானே சொன்னார்.

"மழை பேஞ்சிக்கிட்டு இருந்துச்சு புவான். அட்டப்பெட்டியெல்லாம் நனைஞ்சிரும்னு லாரிக்காரன் கெஞ்சினான். நான்தான் பின்னால வரச்சொன்னேன். ரிவர்ஸ் எடுக்கிறப்ப இடிச்சிட்டான். என் பேர் கெட்டுரும்னு பயந்துட்டேன்."

காளிதாசன் மீதிருந்த குற்றச்சாட்டு அன்று மதியமே ரத்தானது. லோகேஸ்வரனுக்கு இரண்டு வாரப் பணி இடைநீக்கமும் எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தன. மாலையில் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவர் புவனேசனிடம் வந்தார்.

"நீ கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன் புவனேசா. தப்பிச்சிருப்பேன்."

"தெரியும்ணே" என்றான் புவனேசன். "காளிதாசன்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போங்க. அவன் இன்னும் உள்ளதான் இருக்கான்."

லோகேஸ்வரன் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதை மோட்டாரில் மாட்டிவிட்டு உள்ளே நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை புவனேசன் பசியாறிவிட்டு நேரத்தோடு பாக்கார் ஆராங்குக்குப் போனான். மைக்கின் முன் நின்றான். திரையில் மாளிகைக்காரி மேலங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். கேப்டன் லாங்ஃபோர்ட் கையுறையைக் கழற்றினார்.

"இந்தக் கடிகாரம் நின்று எத்தனை நாளாகிறது, மேடம்?"

கண்ணாடிக்கு அப்பால் வனேசா இந்தத் தடவை காதுக் கருவியைக் கழற்றவில்லை. அடுத்த காட்சியைப் போட்டாள். அதற்கடுத்ததையும் போட்டாள். மதியத்துக்குள் பாதிப் பாகம் முடிந்துவிட்டது. சாப்பாட்டு இடைவேளையில்தான் கேட்டாள்.

"ஒரு வாரத்துல என்னண்ணே செஞ்சீங்க?"

"காத்திருக்கப் பழகிக்கிட்டேன்" என்றான்.

அவள் அதைப் பாராட்டுவாள் என்று அவன் நினைக்கவில்லை. அவளும் பாராட்டவில்லை. கே.எல்.லுக்குப் போன் போட்டு, ஆள் வேண்டாம் என்று அவன் எதிரிலேயே சொன்னாள்.

பிற்பகலில் கடினமான காட்சி வந்தது. தவறுதலாகச் சந்தேகப்பட்டுவிட்ட ஒரு சலவைக்காரப் பெண்ணிடம் கேப்டன் போய் நிற்கிறார். அவர் வாழ்க்கையிலேயே அந்தத் தெருவுக்கு அதுதான் முதல் தடவை. காகிதத்தில் எழுதியிருந்த வசனம், "நிகழ்ந்துவிட்ட தவறுக்காக என் மனப்பூர்வமான வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று நீண்டது.

புவனேசன் அதை ஒரு தடவை படித்தான். திரையில் கேப்டனின் முகத்தைப் பார்த்தான். அந்த முகம் வேறெதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"வனேசா, இந்த வசனம் வேணாம்மா."

"வாயசைவுக்குச் சரியா வரும்னுதான் அண்ணே அவ்வளவு நீளமா எழுதினேன்."

"பாரு, பேசி முடிக்கிறதுக்கு முன்னாடியே முதுகத் திருப்பிடறாரு. வாயே தெரியல. கேமராவுக்கே கூச்சமா இருக்கு. இந்த எடத்துல ரெண்டு வார்த்த போதும்."

வனேசா படத்தைப் பின்னால் ஓட்டினாள். முன்னால் ஓட்டினாள். காகிதத்தில் அந்த வரியின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள்.

"என்ன ரெண்டு வார்த்த?"

"ரெக்கார்டிங் விளக்கப் போடு, சொல்றேன்."

விளக்கு எரிந்தது. சலவைக்காரப் பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வெள்ளைக் கோட்டுக்காரர் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். டயர் கடையின் சத்தம்கூட அப்போது அடங்கியிருந்தது.

"என் தப்பு" என்றான் புவனேசன்.