மஞ்சள் விமானத்தின் டயர்

ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு பழைய விமானங்கள் பார்க்கப் போனேன். எனக்கு அதில் ஆசை எதுவும் இல்லை. மறுநாள் காலை அவன் தன் ஊருக்குக் கிளம்புகிறான். அதற்குள் அவனிடம் ஒன்று கேட்டாக வேண்டும். வீட்டில் கேட்க முடியாது. அப்பாவின் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சு குழறுகிறது. காது மட்டும் முன்னைவிடக் கூர்மை.

கேட்க வேண்டியது இதுதான். வருஷத்தில் மூன்று மாசம் அப்பாவை நீ பார்த்துக்கொள். அங்கே கூட்டிப் போ, இல்லை நீ இங்கே வந்து இரு. என்னால் முடியவில்லை.

ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அவன் வந்த நாளிலிருந்து அது என் வாயிலேயே கிடக்கிறது.

"உனக்கும் ஒரு மாறுதல் வேணும்லக்கா" என்று அவன்தான் கூப்பிட்டான். வாடகைக் கார், அவனே ஓட்டினான். அரைநாள் நர்ஸிடம் சாயங்காலம் வரை இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். வழியில் அவன் பாட்டுப் போட்டான், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"ரொம்ப மெலிஞ்சுட்ட."

"ம்."

"ஒழுங்கா சாப்பிடு."

"ம்."

இப்போது கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். எதிரே லாரி வந்தது. லாரி போனது. ஓடு சுடும் ஆலை வந்தது, அதுவும் போனது. மண்பாதையில் திரும்பிவிட்டோம்.

சின்ன வயதில் விமானச் சத்தம் கேட்டால் இவன் சோற்றுக் கையோடு தெருவுக்கு ஓடுவான். அப்பா வைத்த பெயர் பைலட். கணக்கு எழுதும் வேலைக்குப் போய், கல்யாணமாகி, தலை நரைத்த பிறகும் அவருக்கு இவன் பைலட்தான்.

விமானங்களின் சொந்தக்காரர் ஒரு காலத்தில் பஸ் இருக்கைகள் செய்து விற்றவர். அந்த இருக்கை ஆலையின் மூன்று கொட்டகைகளில்தான் இப்போது விமானங்கள் நிற்கின்றன. கேட்டைத் திறந்தது அவர் மனைவி. கையில் துடைக்கிற துணி, காலில் ஆண்கள் செருப்பு.

"கேப்டன் உள்ள இருக்கார், வாங்க. கேப்டன்னா நான் வெச்ச பேரு. அவர் ஓட்டினது ஸ்கூட்டர் மட்டும்தான். அதையும் ரெண்டு தரம் போட்டுட்டு விழுந்தார்."

"இன்னிக்குப் பொருத்தம்தான்" என்றேன். "எங்க வீட்டுல இவன் பைலட்."

"ஓட்டத் தெரியுமா?"

"கார் ஓட்டுவான்."

"அப்ப எங்காளுக்கு இவர் மேல்" என்றாள். தம்பி சிரித்தான். நானும் சிரித்திருக்க வேண்டும், முகத்தில் ஏதோ அசைந்தது போல இருந்தது.

கேப்டன் குள்ளமாக, காதில் பென்சில் செருகியபடி வந்தார். தம்பி பர்ஸை எடுத்ததும் கையை ஆட்டினார். "இங்க டிக்கெட் கிடையாது. வந்தவங்க தள்ளணும். அதுதான் கட்டணம்."

என்ன தள்ளுவது என்று அவரே விளக்கினார். விமானம் ஒரே இடத்தில் நின்றால் அத்தனை கனமும் டயரின் ஒரே இடத்தில் இறங்கும். அந்த இடம் தட்டையாகிவிடும், பிறகு வெடிக்கும். அதனால் வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொன்றையும் கொஞ்சம் நகர்த்தி, டயர் வேறு பக்கத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். எஞ்சினுக்குள் எண்ணெய் அடியில் போய்த் தங்கிவிடும். அதற்கு முன்னாலிருக்கும் விசிறியைக் கையால் சுற்றிவிட வேண்டும். என்ன செய்தாலும் சொட்டும், அதற்குக் கீழே தட்டு. ஒவ்வொரு விமானத்தின் அடியிலும் தட்டு இருந்தது. தட்டில் விரித்திருந்த பழைய துணியை அந்த அம்மா மாற்றிக்கொண்டு வந்தாள்.

நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மஞ்சள் விமானம். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடியது, இறக்கைகள் துணியால் ஆனவை. தம்பி அதைத் தொட்டுப் பார்த்த விதத்தில் அவனுக்கு மீண்டும் எட்டு வயசு. நான் டயர் பக்கம் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியாது. தரையில் பதிந்த ஓரத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தி, எடுத்து, மேலெழும்புகிறதா என்று பார்த்தேன். ரப்பரில் மயிரிழை வெடிப்புகள்.

"இந்தப் பக்கம் ரொம்ப நாள் படுத்திருக்கு" என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். தணிந்த குரலில் கேட்டாள்.

"நர்ஸா நீங்க?"

"இல்ல. அப்பா."

"படுக்கையிலேயா?"

தலையசைத்தேன்.

"ராத்திரியும் எழுந்திருக்கணுமே."

"ஆமா."

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை உருவிக்கொண்டு எழுந்தாள். இத்தனை நாளில் என் ராத்திரியைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவள்தான் என்பது சற்றுத் தாமதமாகத்தான் எனக்கு உறைத்தது.

"தள்ளலாமா?" என்று கேப்டன் முடிப்பதற்குள் தம்பி இடப்பக்கத்து இறக்கையின் தாங்குகம்பியைப் பிடித்து முழு பலத்தோடு தள்ளினான். விமானம் முன்னால் போகவில்லை. மூக்கைத் திருப்பிக்கொண்டு தூணைப் பார்த்துப் போனது.

"யோவ் யோவ் யோவ்!" கேப்டன் ஓடினார். "ஒரு பக்கம் மட்டும் தள்ளினா நின்ன இடத்துலயே சுத்தும்யா! அந்தப் பக்கம் யாராவது பிடிங்க!"

நான் ஓடிப்போய் வலப்பக்கம் பிடித்தேன். நேராயிற்று. ஒரு சாண் நகர்ந்தது. கேப்டன் டயரில் சாக்கட்டியால் கோடு போட்டார், முன்பு போட்ட கோடுகளின் வரிசையில் இன்னொன்று.

தம்பிக்கு மூச்சு வாங்கியது, கண் பளபளத்தது. "என்ன பொறுமை பாருக்கா இந்த மனுஷனுக்கு! இனிமே பறக்கவே போறதில்ல. ஆனா வாரம் தவறாம புரட்டி வைக்கிறார். யாரு செய்வா இதெல்லாம்?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் கிண்டல் இல்லை, குத்தல் இல்லை, ஒன்றுமே இல்லை. சுத்தமான வியப்பு. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கால்தான் வலித்தது.

கடைசிக் கொட்டகையில் பெரிய வெள்ளி நிற விமானம் ஒன்று. அதன் பெயரே பெரியவர். வால் தரையில், மூக்கு கூரையைப் பார்த்தபடி நின்றது. ஏணி வைத்து ஏறினால் உள்ளே மேடு. இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து மேலே போக வேண்டும். தம்பி விமானியின் அறைக்குப் போய்விட்டான். பொத்தான்களைத் தட்டும் சத்தமும் "அக்கா, இங்க பாரேன், அக்கா!" என்ற குரலும் வந்தன. "இதோ" என்றேன். பாதி வழியில் ஓர் இருக்கையில் உட்கார்ந்தேன். பழைய தோல். பின்னால் சாய்ந்தே இருந்தது. பஸ் இருக்கை செய்தவருக்கு மனிதர்களின் முதுகு தெரிந்திருக்கிறது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு மணி அடித்தது.

எழுந்துவிட்டேன். தூக்கத்திலேயே எழுந்து, "வந்துட்டேன்ப்பா, திரும்பிக்கலாமா" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து இருக்கையின் முதுகுக்குக் கீழே ஒரு கையையும் அடியில் ஒரு கையையும் கொடுத்துவிட்டேன். சரிவில் கால் வழுக்கியது. முட்டி போய் இடித்தது. அப்போதுதான் அது இருக்கை என்று தெரிந்தது. கைப்பையில் போன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

தம்பி விமானி அறையின் வாசலில் நின்றிருந்தான்.

"என்னக்கா இது? என்ன அலாரம்?"

வீட்டில் அது சத்தம் போடாது. தலையணைக்கடியில் அதிரும், அவ்வளவுதான். யார் தூக்கமும் கெடக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறேன். இன்று நர்ஸ் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று சத்தத்தைக் கூட்டியிருந்தேன்.

"அப்பாவைப் புரட்டிப் போடுற நேரம்" என்றேன். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். இல்லன்னா முதுகு புண்ணாயிடும்."

"ராத்திரியுமா?"

"ராத்திரிக்குன்னு அவருக்கு வேற முதுகா இருக்கு?"

அவன் எதிர் இருக்கையில் உட்கார்ந்தான். கைப்பிடியில் சிகரெட் சாம்பல் போடும் சின்னக் குழி, தகர மூடியோடு. அதைத் திறந்தான், மூடினான்.

"நீ சொல்லவே இல்லையே."

"நீ போன்ல அப்பா எப்படின்னு கேப்ப. அப்படியேதான் இருக்கார்னு சொல்வேன். அவர் அப்படியே இருக்கிறதுக்குத்தான் இவ்வளவும்."

திறந்தான், மூடினான்.

"மூணு மாசம்" என்றேன். குரல் என்னுடையது போல இல்லை, ஆனால் வந்துவிட்டது. "வருஷத்துல மூணு மாசம் நீ பாத்துக்க. அங்க கூட்டிட்டுப் போ, இல்ல நீ வந்து இரு. என்னால முடியலடா."

"அங்க வீடு மூணாவது மாடிக்கா. லிஃப்ட் கிடையாது. அவளும் வேலைக்குப் போறா. ஆபீஸ்ல லீவுன்னா..."

அங்கே நின்றுவிட்டான். அவன் இப்படித் தடுமாறும் இடங்களில் எல்லாம் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். பரவாயில்லடா, விடு, நான் பாத்துக்கறேன். சின்ன வயதிலிருந்து அதுவே பழக்கம். அந்த வார்த்தைகள் இப்போதும் நுனி நாக்குக்கு வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன். வட்ட ஜன்னல், அதற்கு வெளியே கொட்டகைச் சுவர், சுவரில் ஒரு பல்லி. பல்லி நகரவில்லை. தகர மூடிச் சத்தமும் நின்றுவிட்டது. இந்த மாதிரி மௌனத்தில் எப்போதும் முதலில் தோற்பது நான்தான். இன்று தோற்பதற்குக்கூடத் தெம்பில்லை.

கீழிருந்து கேப்டன் கத்தினார். "உள்ளேயே குடித்தனம் வெச்சுட்டீங்களா? பெரியவரைத் தள்ளணும், ஆள் பத்தல!"

நாலு பேரும் தள்ளினோம். கேப்டன் ஒரு சக்கரத்தில், தம்பி இன்னொன்றில், நானும் அந்த அம்மாவும் வால் பக்கம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஏதோ முனகியது, நகர்ந்தது. தம்பியின் உள்ளங்கை இரண்டும் கறுத்துவிட்டன. அவன் கேப்டனிடம் எதையும் கேட்கவில்லை, படம் எடுக்கவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா காரின் ஜன்னலில் குனிந்து, "நீங்க மறுபடி வந்தா தள்ள வேண்டாம். பெரியவருக்குள்ள தூங்கிட்டுப் போங்க" என்றாள்.

"யோவ் பைலட், நீ மட்டும் தள்ள வா" என்றார் கேப்டன் பின்னாலிருந்து.

திரும்பும் வழியில் அவன் பாட்டுப் போடவில்லை. அவன் கறுத்த கையாலேயே ஓட்டினான்.

வீட்டில் நர்ஸ் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். அவள் போனதும் அவன் கையைக் கழுவிவிட்டு நேராக அப்பாவின் அறைக்குப் போனான். நான் கூடத்திலேயே நின்றேன்.

"எந்தப் பக்கம்க்கா?"

"சுவர்ப் பக்கம். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடி. கையை இழுக்காத."

கட்டில் கிறீச்சிட்டது. அப்பாவின் குழறல். "டேய் பைலட்... மூட்டையாடா... நான்?"

"இல்லப்பா. பொறுங்க, பொறுங்க."

"விழப் போறேன்... லைசென்ஸ்... இருக்கா உனக்கு?"

போகவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெகுநேரம் கழித்து வந்தான். சட்டை நனைந்திருந்தது. போனைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"டிக்கெட்டை மாத்திட்டேன். ஒரு மாசம். மூணு மாசம் இப்போதைக்கு முடியாதுக்கா. மத்ததை... அவகிட்ட பேசிட்டுச் சொல்றேன்."

கேட்டது மூன்று. நன்றி என்று சொல்ல வரவில்லை. சண்டை போடவும் வரவில்லை.

"அலாரத்தை உன் போன்ல வெச்சுக்க" என்றேன். "சத்தமா வை."

விளக்குப் போடுவதற்கு முன்பே போய்ப் படுத்தேன். தூக்கம் வந்ததா என்று தெரியவில்லை; ஆனால் உரிய நேரத்துக்குக் கண் தானாகத் திறந்துவிட்டது. பலகைச் சுவருக்கு அப்பால் அவனுடைய அலாரம் அடிக்க ஆரம்பித்தது. அடித்தது. இன்னும் அடித்தது. எழுந்து உட்கார்ந்தேன். காலைத் தரையில் வைத்தேன். தரை சில்லென்றிருந்தது.

சத்தம் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கட்டில் கிறீச்சிட்டது.

காலை எடுத்து மேலே போட்டுக்கொண்டேன்.