கொறடு போட்ட கட்டு

கழக்கூட்டத்துக் கம்பெனியில் சர்வர் ஹாலுக்குள் எந்நேரமும் குளிர்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. பேச்சிமுத்துவுக்கு அது ஒன்று போதும். ஃபிளாட் வேலையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது வெயிலில் கிறங்கிச் சாரத்திலிருந்து விழுந்தவன் அவன். இன்னொரு தரம் விழுந்தால் எழுந்திருக்க மாட்டாய் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்புறம்தான் ஊர்க்காரன் செல்வமணி அவனை இந்தக் கேபிள் வேலைக்குக் கூட்டி வந்தான்.

ஆள் உயர இரும்பு ரேக்குகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சுவிட்சுப் பெட்டி. பெட்டிக்குப் பெட்டி மேல்தட்டு வழியாகக் கேபிளை இழுத்து, கற்றையாகச் சேர்த்து, ஒட்டிக்கொள்ளும் துணிப்பட்டையால் கட்ட வேண்டும். தொளதொளவென்றுதான் கட்ட வேண்டும்.

அன்று பட்டை தீர்ந்துபோயிற்று. பேச்சிமுத்து இழுத்தால் இறுகிக்கொள்ளும் பிளாஸ்டிக் டையை எடுத்தான். கை தன்பாட்டுக்கு இடுப்பில் இருந்த, கம்பி முறுக்கும் கொறட்டையும் எடுத்தது. டையை மாட்டி, வாலைக் கொறட்டால் கவ்வி, ஓர் இழுப்பு. கம்பிக்கட்டு தளர்ந்தால் மேஸ்திரியிடம் வசவு வாங்கியே பழகிய கை. வரிசை முழுக்க அப்படியே கட்டிவிட்டு இறங்கினான்.

செல்வமணி அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். "என்ன அண்ணாச்சி, கான்கிரீட் ஊத்தப் போறியளா?"

பேச்சிமுத்து சிரிக்கவில்லை. மலையாளி சூப்பர்வைசர் சஜி லேப்டாப்போடு வந்துகொண்டிருந்தான். மற்ற வரிசைகளில் சுவிட்சுப் பெட்டிகளின் பச்சை விளக்கு நின்று எரிந்தது. இந்த வரிசையில் வருவதும் போவதுமாக இருந்தது. சஜி ஏணியில் ஏறிக் கற்றையைத் தொட்டான்.

"இது ஆரு கெட்டியது?"

"நாந்தான் சார்."

"என்றெ அண்ணா, இதுக்குள்ள கண்ணாடி நூலாக்கும். நெருக்கினா பொட்டி ஒடைஞ்சு போகும்."

அவ்வளவையும் வெட்டி எடுத்தார்கள். நசுங்கிய கேபிள்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது இழுத்தார்கள். செல்வமணி ஒருபுறம், பேச்சிமுத்து ஒருபுறம். இந்தத் தடவை கட்டுக்குள் விரலை வைத்துக் கட்டிவிட்டு உருவினான் பேச்சிமுத்து. விளக்கெல்லாம் பச்சையாக நின்றது. அதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷமும் வரவில்லை, பயமும் போகவில்லை.

சஜி அவனைக் கதவோரம் கூப்பிட்டான். "அண்ணா, நாளை முதல் உள்ளே வேண்டா. கேட்டுக்கு வெளியே புது லைனுக்குக் குழி எடுக்கணும். அங்கே நின்னா மதி, போதும்."

செல்வமணி குறுக்கே வந்தான். "சார், அவரு வெயில்ல நிக்கக் கூடாது. விழுந்து பொழச்ச மனுசன்."

"எனக்குத் தெரியும் செல்வா. ஆனா கொறடு வெச்சு இழுத்ததைக் கம்பெனிக்காரங்க கேமராவுல கண்டாச்சு. ஆளை மாத்துன்னு சொல்லிட்டாங்க. ஞான் என்ன செய்ய?"

"கேளுங்க அண்ணாச்சி, சும்மா நிக்கியளே! மாட்டேன்னு சொல்லுங்க."

பேச்சிமுத்து சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தான். மாட்டேன் என்றால் எங்கே போவது? மறுபடி சாரத்துக்குத்தான். அங்கே நிழல் என்ற பேச்சே இல்லை.

"அங்கன நெழல் உண்டா சார்?" என்று கேட்டான்.

சஜி கொஞ்சம் யோசித்தான். "மதில் பக்கம் உண்டு. உச்சி நேரம் வரைக்கும்."

உச்சிக்கு அப்புறம் என்ன என்று பேச்சிமுத்து கேட்கவில்லை. "சரி சார்" என்றான்.