தண்ணீர் விலகிய இடம்

மிலிட்டரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த எண்பது தட்டுகளையும் ஜெயினுலாப்தீன் முதலாளி பட்டறைத் தரையில் கொட்டினார். ஒன்றை எடுத்து விளிம்பை நகத்தால் நெம்பினார். மேலே ஏற்றியிருந்த நிக்கல் முலாம் வெங்காயச் சருகு போல உரிந்து வந்தது.

"நாலு மணிக்கு மிலிட்டரித் துரை லாரியோட வாரான். வேணும்னே கெடுத்தவன் பேரைக் கேக்கான். முலாம் தொட்டியிலே முக்குறவன் நீதானவே?"

"உப்பும் கரண்டும் சரியாத்தான் இருக்கு மொதலாளி. அல்லா சத்தியமா..." என்றான் நம்பிராஜன்.

"எங்க அல்லாவை எதுக்குவே இழுக்கே? உம்ம சுடலைமாடனைக் கூப்பிடும், வந்து பதில் சொல்லட்டும்!"

யாரும் சிரிக்கவில்லை. யுத்தம் தொடங்கி நாலாவது வருஷம். போன மாதம் தாராவியில் அடுத்த சந்துப் பட்டறையிலிருந்து ஒருவனை இப்படித்தான் நாசவேலை என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஜெயில் என்று அவன் பெண்டாட்டிக்கு இன்றுவரை தெரியாது.

மூலையில் சுண்ணாம்புக் குழம்பின் முன்னால் உட்கார்ந்திருந்த சண்முகவடிவு எழுந்து வந்தாள். நம்பிராஜன் அவள் புருஷன். பித்தளைத் தட்டுகளைச் சுண்ணாம்பு போட்டு விளக்கி, அலசி, செம்புக் கம்பியில் கட்டி அவனிடம் கொடுப்பது அவளும் ஆறுமுகத்தாயும்.

சண்முகவடிவு தரையில் கிடந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பாதிக்கு மேல் நன்றாகவே இருந்தன. உரிந்தவற்றிலும் நடுவில் முலாம் கெட்டியாகப் பிடித்திருந்தது. விளிம்பில்தான் விட்டிருந்தது. ஒரு பக்கம் நாலு இடம், மறுபக்கம் ஒரு இடம், கை பிடித்த கணக்கில்.

அன்றைக்கு விளக்கி வைத்திருந்த புதுத் தட்டு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் முக்கித் தூக்கினாள். நடுவில் தண்ணீர் விரித்த துணி மாதிரி ஒட்டி நின்றது. அவள் விரல் பட்ட இடத்தில் மட்டும் சுருங்கி விலகித் துளித்துளியாக ஓடியது.

"தாயி, இதை நீ பிடிச்சு முக்கு."

ஆறுமுகத்தாய் பிடித்த தட்டில் தண்ணீர் எங்கேயும் உடையவில்லை.

சுண்ணாம்பு அரித்துச் சண்முகவடிவின் உள்ளங்கை வெடித்துக் கிடந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் நம்பிராஜன்தான் தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தான். பத்து நாளாக, வேலைக்குப் புறப்படுமுன் அவனே தேய்த்துவிட்டான். அவள் சேலையில் துடைத்துக்கொண்டுதான் வேலையைத் தொட்டாள். கண்ணுக்கே தெரியாத ஒன்று பித்தளைக்கும் நிக்கலுக்கும் நடுவில் போய் உட்காரும் என்று யார் கண்டார்கள்?

"மொதலாளி, கெடுத்தது நான்தான். என் கை எண்ணெ."

"வாயை மூடுட்டி, உன்னையும் சேத்து ஏத்திருவான்" என்று ஆறுமுகத்தாய் அவள் முந்தானையை இழுத்தாள்.

"இம்புட்டு எண்ணெக்கு நிக்கல் உரியுமாக்கும்? துரைகிட்ட இந்தக் கதையைச் சொன்னா என்னைப் பைத்தியம்பான்" என்றார் முதலாளி.

சண்முகவடிவு இரண்டு தட்டையும் அவர் முன்னால் முக்கித் தூக்கினாள். ஜெயினுலாப்தீன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ ஒண்ணு செய். எண்ணெதான் காரணம்னா, எண்ணெ போன பிறகு இதே கையாலே ஒட்டணும். அவன் வாரதுக்குள்ள ஒரே ஒரு தட்டு உரியாம காட்டு."

கொதிக்க வைத்து இறக்கி ஆறிவந்த சலவைச் சோடாத் தண்ணீரில் அவள் இரண்டு கையையும் விட்டாள். வெடிப்புகளுக்குள் காரம் இறங்கியபோது உதட்டைக் கடித்துக்கொண்டாள். எண்ணெய் போயிற்று, ரத்தம் வந்தது. முதல் தட்டில் ரத்தம் பட்ட இடத்தில் தண்ணீர் உடைந்தது. மறுபடி விளக்கினாள். மறுபடி உடைந்தது. மூன்றாம் தடவை அலசிய பின் விரல் தட்டில் படாமல் கம்பியைப் பல்லால் இழுத்துக் கட்டித் தூக்கினாள். தண்ணீர் முழுசாக நின்றது.

தொட்டியில் இறக்கிக்கொண்டே நம்பிராஜன் அவள் பக்கம் குனிந்தான். "எண்ணெ வாங்கினது நானுல்லா?"

"அதைத் துரைகிட்ட சொல்லிராதீக அத்தான். என் தலை எண்ணென்னே இருக்கட்டும்."

லாரி நாலுக்கு முன்பே வந்துவிட்டது. துரை தட்டைத் துடைக்கக்கூட விடவில்லை. ஈரத்தோடு வாங்கி, விளிம்பைக் குறட்டால் வளைத்தான். நிமிர்த்தினான். மறுபடி வளைத்தான். மூன்றாவது வளைப்பில் பித்தளையே கீறல் விட்டது. கத்தி முனையால் கீறலை நோண்டினான். நிக்கல் பித்தளையோடு சேர்ந்து கீறல் விட்டிருந்ததே தவிர, உரியவில்லை.

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு இந்தியில் நெடுநேரம் பேசினார். துரை நாலே வார்த்தை சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

"மூணு நாள்ல எண்பதும் வேணுமாம். ஒண்ணு உரிஞ்சாலும் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் ஏத்துவானாம்" என்றார் முதலாளி.

நம்பிராஜன் ஓடிவந்து அவள் கையைப் பிடிக்கப் போனான். சண்முகவடிவு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"தொடாதீக அத்தான். உங்க கையிலே இன்னும் எண்ணெ இருக்கு."